பெட்டி திறக்க மறுத்தது!

"அவர் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாரே, அந்த இடத்தை மட்டும் ஒரு தரம் காட்டுடீம்மா. நாளன்னிக்குத் திதி. அதுக்குள்ளே ஒரு தரம் கேட்டுட்டாப் போறும்."

பெங்களூரிலிருந்து என் மாமியார் டெலிபோனில் இப்படிக் கேட்டபோது, "அதற்கென்ன அம்மா, பேஷாய்க் காட்டுகிறேன்" என்று பெரிதாகச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் தெரிந்தது, காட்ட வேண்டிய பெட்டி எங்கள் மாம்பலம் வீட்டிலேயே திறக்கவில்லை என்று!

கதையைக் கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன். 1991-ஆம் வருஷம் திருக்கடையூரில் என் மாமனாருக்கு சஷ்டியப்த பூர்த்தி நடந்தது. வீடியோக்காரர் ஒருவர் தோளில் பெரிய காமிராவைச் சுமந்துகொண்டு எல்லோர் காலையும் மிதித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு வி.எச்.எஸ். காஸெட் எடுத்துக் கொடுத்தார். என் மாமனார் தம் ஆயுளில் மாமியாரைப் பெயர் சொல்லி அழைத்தவர் அல்ல. 'இதோ பாரு', 'எங்கே போயிட்டே' - இவைதான் மாமியாரின் நாமதேயங்கள். அன்றைக்கு மாலை மாற்றும்போது மட்டும், நாதஸ்வரம் சற்று ஓய்ந்த நேரம் பார்த்து, "மாலையை நேராப் போட்டுக்கோ" என்று சொல்ல வந்தவர் வாய் தவறிப் பெயரையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். நாற்பத்தேழாவது நிமிஷத்தில் அது பதிவாகியிருக்கிறது. என்ன பெயர் என்று நான் இங்கே எழுத மாட்டேன். மாமியார் இந்தப் பத்திரிகை படிக்கிறவர்!

மாமனார் காலமாகிப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. காஸெட்டில் பூஞ்சைக் காளான் பிடிக்க ஆரம்பித்திருந்தது. நல்லவேளையாக அதை ஒரு கடையில் கொடுத்து, கம்ப்யூட்டரில் ஓடும் ஃபைலாக மாற்றி வாங்கினோம். சுமார் நாலரை ஜிபி. வாட்ஸப்பில் ஒரே ஃபைலாக 2 ஜிபிக்கு மேல் போகாது. பென் டிரைவில் போட்டுக் கூரியரில் அனுப்பலாமே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. திதிக்கு முன் போய்ச் சேருமா என்று யார் உறுதி சொல்வது?

அந்த ஃபைல் இருப்பது பையன் செய்து வைத்துவிட்டுப் போன ஒரு பெட்டியில். அவன் புனாவில் உத்தியோகத்துக்குப் போகுமுன், எங்கள் பழைய கம்ப்யூட்டரைப் பரணிலிருந்து இறக்கி, அதில் ஜெல்லிஃபின் என்ற புரோகிராமைப் போட்டு வைத்தான். 2018-ல் எம்பி என்ற இன்னொரு புரோகிராமிலிருந்து தனிக்குடித்தனம் போனது இது. சந்தா கிடையாது, காசும் கிடையாது. வீட்டிலுள்ள கலியாண வீடியோ, பாட்டு, போட்டோ எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்து, டெலிவிஷன், போன் என்று எதில் கேட்டாலும் அனுப்பும். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதல்லவா? குடத்தைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகப் போகாமல் எங்கே குழாயைத் திருகினாலும் தண்ணீர் வருகிறதே, அந்த மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்கள்.

அன்று குழாயைத் திருகினேன். காற்றுத்தான் வந்தது. 'ஸர்வருடன் தொடர்பு இல்லை' என்றது டெலிவிஷன்.

"உனக்கு எதுக்கு இந்த வம்பு? யாராவது ஆளைக் கூப்பிட்டாப் போறது" என்றார் என் அகத்துக்காரர், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே.

"ராத்திரி ஒன்பது மணிக்கு எந்த ஆள் வருவான்? நீங்க சும்மா இருங்கோ" என்று சொல்லிவிட்டுப் பையனைப் போனில் பிடித்தேன்.

"அம்மா, பதறாதே. மூணு இடத்திலே பாரு" என்றான் அவன். "முதல்லே அந்தக் கம்ப்யூட்டர்லேயே திறக்கறதா? அடுத்தது, நம்ம ஆத்து டெலிவிஷன்லே திறக்கறதா? கடைசியா, உன் போன்லே வைஃபையை அணைச்சுட்டு, சிம் கார்டு இன்டர்நெட்லே பாரு. எந்த இடத்திலே நின்னு போறதோ அங்கேதான் கோளாறு."

சகோதரிகளே, இந்த ஒரு வார்த்தைக்காகவே அவனைப் படிக்க வைத்த காசு வீண் போகவில்லை என்று தோன்றியது. இது தெரியாமல் நான் அரை மணி நேரமாக டெலிவிஷனை அணைப்பதும் போடுவதுமாக இருந்தேன்!

கம்ப்யூட்டரிலேயே பார்த்தேன். திறந்தது. ஆகவே பெட்டிக்கு உயிர் இருக்கிறது. டெலிவிஷனுக்குத்தான் வழி தெரியவில்லை.

ஏன் தெரியவில்லை? இங்கேதான் எங்கள் ரூட்டர் மகானுபாவர் வருகிறார். கலியாணச் சத்திரத்தில் சாவிக்கொத்தை வைத்துக்கொண்டு, 'உமக்கு பத்தாம் நம்பர் அறை, உமக்குப் பதினொன்று' என்று ஒரு மாமா கொடுத்துக் கொண்டிருப்பாரே, ரூட்டர் அந்த மாமாதான். வீட்டிலுள்ள போன், டெலிவிஷன், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் அவர் ஓர் எண் கொடுக்கிறார். எங்கள் பெட்டிக்கு 192.168.1.10 என்று கொடுத்திருந்தார். முதல் நாள் மத்தியானம் கரண்ட் போய் வந்தது. வந்ததும் மாமா புதிதாக அறை ஒதுக்கினார்; எங்கள் பெட்டிக்கு 192.168.1.23. டெலிவிஷனோ பழைய பத்தாம் நம்பர் கதவையே தட்டிக்கொண்டு நின்றது, பாவம்!

புது எண்ணை டெலிவிஷனில் அடித்தேன். எண்ணுக்குப் பிறகு ஒரு முக்காற்புள்ளி வைத்து 8096 என்றும் அடிக்க வேண்டும். அறைக்குள் ஜெல்லிஃபின் உட்கார்ந்திருக்கும் ஜன்னல் அது. இதை விட்டுவிட்டால் அறைக்குப் போயும் ஆளைப் பார்க்க முடியாது. இன்னொரு பொடி விஷயம்: முகவரியின் ஆரம்பத்தில் எச்.டி.டி.பி. என்றுதான் இருக்க வேண்டும். கடைசியில் ஓர் 'எஸ்' தானாக ஒட்டிக்கொண்டால் இந்த ஜன்னல் திறக்காது. இனிமேல் அறை மாறாமல் இருக்க, ரூட்டரின் பக்கத்துக்குப் போய் இந்தப் பெட்டிக்கு இந்த எண் என்று ரிஸர்வ் செய்துவிட்டேன். ஐந்து நிமிஷ வேலை. முதல் நாளே செய்திருக்க வேண்டியது.

டெலிவிஷனில் மாமனார், மாமியார் மாலையும் கழுத்துமாக நிற்கும் அட்டைப் படம் வந்துவிட்டது. "அப்பாடா!" என்று அமுக்கினேன். சுற்றிச் சுற்றி வந்தது. 'ஓட்ட முடியவில்லை' என்று நின்றுவிட்டது. வேறு வீடியோக்களை அமுக்கினேன். ஒன்றும் ஓடவில்லை.

எனக்கு அடி வயிற்றில் பகீர் என்றது. காஸெட்டோ காளான் பிடித்துப் போய்விட்டது. இருப்பது இந்த ஒன்றுதான். அதுவும் போயிற்றா?

இவர் இப்போதுதான் பேப்பரைக் கீழே வைத்தார். ஒன்றும் பேசவில்லை. என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

"அம்மா, அழாதே. அட்டைப் படம் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கு. வீடியோ வெளியிலே சொருகியிருக்கே ஒரு டிஸ்க், அதிலே இருக்கு. டிஸ்க் இருக்கானு பாரு" என்றான் பையன்.

இருந்தது. கம்ப்யூட்டரில் டிஸ்க்கைத் திறந்தால் ஃபைலும் பத்திரமாக இருந்தது. அங்கேயே ஓட்டினால் நாதஸ்வரம் ஜம்மென்று கேட்டது! பிறகு ஜெல்லிஃபினுக்கு மட்டும் என்ன கேடு?

அந்தக் கம்ப்யூட்டர் லினக்ஸில் ஓடுவது. அதில் ஒவ்வொரு ஃபைலுக்கும் சொந்தக்காரர் உண்டு. யார் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்ற கட்டுத்திட்டம் உண்டு. ஜெல்லிஃபின் நம் பெயரில் ஓடுவதில்லை. தனக்கென்று ஒரு பெயரில், வீட்டு வேலையாள் மாதிரி, தனியாக ஓடுகிறது. பையன் அந்த டிஸ்க்கைக் கையால் ஓர் இடத்தில் பொருத்திவிட்டுப் போயிருந்தான். கரண்ட் போய் வந்ததும் கம்ப்யூட்டர் அதைத் தானாகவே எடுத்து என்னுடைய சொந்த அறைக்குள் வைத்துவிட்டது. நான் பார்க்கலாம், வேலையாள் நுழைய முடியாது. உக்கிராண அறையைத் திறந்து வைத்து என்ன பயன், தாழ்வாரத்துக் கதவு பூட்டியிருந்தால்? ஃபைலுக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதாதாம். அதற்குப் போகும் வழியிலுள்ள ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் நுழைய அனுமதி வேண்டுமாம்.

பையன் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொல்ல, நான் கறுப்புத் திரையில் தட்டினேன். இந்த டிஸ்க் எப்போதும் இந்த இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று கம்ப்யூட்டரின் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி எழுதினோம். எஃப்எஸ்டேப் என்று அதற்குப் பெயர். ஓர் இடைவெளி தவறினாலும் கம்ப்யூட்டர் மறுபடி கிளம்பும்போது தகராறு செய்யுமாம். ஆகையால் பழைய புத்தகத்தை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டேன். ஜெல்லிஃபினுக்கு உள்ளே போக அனுமதியும் கொடுத்தாயிற்று.

மணி பதினொன்றரைக்கு எங்கள் கூடத்தில் மாமனார் பேசினார். இவர் மூக்கைச் சிந்திக்கொண்டு, "ஜலதோஷம்" என்றார்.

* * *

வீட்டுக்குள் தீர்ந்தது. பெங்களூர்?

மறு நாள் காலை வைஃபையை அணைத்துவிட்டு என் போனில் பார்த்தேன். மூன்றாவது பரீட்சையில் பெட்டி பெயில்! வீட்டுக்குள் கொடுக்கும் 192.168 எண்கள் சத்திரத்து அறை எண்கள்தானே? பெங்களூரிலிருந்து வருகிறவர் தெருப் பெயர் தெரியாமல் '23-ஆம் நம்பர் அறை' என்று கேட்டால் யார் வழி சொல்வார்கள்?

இவருடைய சிநேகிதர் ஒருவர், "ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் போட்டுவிடுங்கள், வாசலிலிருந்து நேரே பெட்டிக்கு வழி வந்துவிடும்" என்றார். ஒரு மணி நேரம் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ரூட்டரில் வெளி முகவரி என்று காட்டியது 100 என்று ஆரம்பித்தது. இன்டர்நெட்டில் 'என் முகவரி என்ன?' என்று கேட்டால் வேறு ஏதோ எண் வந்தது. இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் அந்த வித்தை பலிக்குமாம்.

இதற்குக் காரணம் பெரிய இடத்து விவகாரம். இன்டர்நெட்டின் பழைய முகவரி முறையில் மொத்தமே சுமார் 429 கோடி எண்கள்தான். உலகத்தின் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்துவிட்டது. ஆகவே பல கம்பெனிகள் நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே முகவரியின் பின்னால் வைத்திருக்கின்றன. அதற்கென்றே 100.64 முதல் 100.127 வரை உள்ள எண்களை 2012-ல் ஒதுக்கினார்கள். பெரிய ஃப்ளாட் கட்டடம், ஒரே வாசல், ஒரு வாட்ச்மேன். நாம் வெளியே போகலாம். போய் வாங்கி வரலாம். ஆனால் வெளியாள் தானாக வந்து கேட்டால், எந்த வீட்டுக்கு என்று வாட்ச்மேனுக்குத் தெரியாது. நான் என் வீட்டுக் கதவை எவ்வளவு விரியத் திறந்து வைத்து என்ன பிரயோஜனம்? கம்பெனியைக் கேட்டுத் தனி முகவரி வாங்கலாம். சிலர் மாதக் கட்டணத்துக்குக் கொடுக்கிறார்கள்.

நிஜமாகச் சொல்கிறேன், அந்த வித்தை பலிக்காமல் போனதும் நல்லதுக்குத்தான். அப்படித் திறந்த கதவை ராப்பகலாகத் தட்டிப் பார்ப்பதற்கென்றே திருட்டுப் புரோகிராம்கள் இன்டர்நெட்டில் உலாவுகின்றன. குடும்பப் போட்டோ இருக்கும் பெட்டிக்கு அது வேண்டாம்.

பையன் சொன்ன வழி வேறு. டெய்ல்ஸ்கேல் என்ற ஒன்றைப் பெட்டியிலும் போட்டேன். பெங்களூரில் என் ஓரகத்தியின் போனிலும் போடச் சொன்னேன். இரண்டு பேரும் உள்ளேயிருந்து வெளியே கூப்பிடுகிறார்கள். ஆகவே வாட்ச்மேன் தடுப்பதில்லை. நடுவில் இருவருக்கும் மட்டும் தெரிந்த ஒரு சுரங்கப் பாதை ஏற்பட்டுவிடுகிறது. பெட்டிக்குப் புதிதாக ஓர் எண் கிடைக்கிறது. அந்த எண்ணையும் 8096-ஐயும் அடிக்க வேண்டியதுதான்.

"அக்கா, பேரும் பாஸ்வேர்டும் சரியாத்தான் போட்டேன். உள்ளே விடமாட்டேங்கறதே!" என்றாள் ஓரகத்தி.

மறுபடியும் முட்டுக்கட்டையா என்று எனக்கு எரிச்சல். ஜெல்லிஃபினின் நிர்வாகப் பக்கத்தில் ஒவ்வொருவருடைய கணக்கிலும், 'வெளியிலிருந்து வர அனுமதி' என்று ஒரு கட்டம் இருக்கிறது. மாமியார் பெயரில் கணக்குத் திறந்தபோது, ஜாக்கிரதைக்காரப் பையன் அந்தக் கட்டத்தில் இருந்த டிக்கை எடுத்திருந்தான்! பாட்டியைத் திருடர் ஜாபிதாவில் சேர்த்த பேரன்! டிக்கைப் போட்டேன்.

உள்ளே போய்விட்டாள். ஆனால் படம் திக்கித் திக்கி வந்தது. நம் வீட்டு இன்டர்நெட்டில் உள்ளே வரும் வேகத்தைத்தான் பெரிதாக விளம்பரம் செய்கிறார்கள். வெளியே அனுப்பும் வேகம் சில வீடுகளில் மிகக் குறைவு. தரத்தைக் குறைத்து வைக்கச் சொன்னேன். பழைய வி.எச்.எஸ். படத்தில் போவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. சரியாகிவிட்டது.

ஜெல்லிஃபினில் யார் எதைப் பார்க்கிறார்கள், எத்தனையாவது நிமிஷம் என்று நமக்குக் காட்டும் பக்கம் ஒன்று உண்டு. புதன்கிழமை சாயங்காலம் நான் அதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மாமியாரின் பெயர் வந்தது. முப்பது, நாற்பது, நாற்பத்தைந்து... நாற்பத்தேழு தாண்டி நாற்பத்தெட்டு.

கோடு பின்னால் போயிற்று. நாற்பத்தேழு. மறுபடி நாற்பத்தெட்டு. மறுபடி நாற்பத்தேழு.

இவர் என் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ எண்ணிக்கை விட்டுப் போயிற்று.

"அம்மாவுக்கு இப்போ போன் பண்ணட்டுமா?" என்று கேட்டார்.

"வேண்டாம். அவர் பார்த்து முடிக்கட்டும்" என்றேன்.