சங்கத்துக் கடிகாரமும் ஊர் உச்சிவேளையும்

சென்ற ஆவணி மாத நடுவில், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துப் பால் கூட்டுறவுச் சங்கம் ஒன்றைப் பரிசீலிக்கச் சென்றிருந்தேன். அங்கே ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. சங்கத்துக் கடிகாரம் பத்து நிமிஷம் பின்தங்கி ஓடியது. அதை நம்பி வந்த அங்கத்தினரான அம்மாள் ஒருவர், வண்டி சென்ற பின் பாலுடன் வந்து, திரும்பிப் போக நேர்ந்தது. ஒரகடத்துத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அவருடைய மகன், தமது கைப்பேசியைக் காட்டிக் கடிகாரமே பிழை என்றார். ஊர்ப் பெரியவர் ஒருவரோ, "நட்ட கோலின் நிழல் மிகக் குறுகும்போது இந்தக் கடிகாரம் சரியாகப் பன்னிரண்டு காட்டுகிறது. சூரியன் பொய் சொல்லுமா?" என்று கேட்டார்.

சூரியன் பொய் சொல்லவில்லை. கைப்பேசியும் பொய் சொல்லவில்லை. இதன் காரணத்தை அங்கத்தினர் யாவரும் அறிதல் நலம்.

பூமி 24 மணியில் 360 பாகை சுழல்கிறது. ஆகவே, ஒரு பாகைக்கு 4 நிமிஷமாகிறது. கிழக்கேயுள்ள ஊருக்கு உச்சிவேளை முந்தியும், மேற்கேயுள்ள ஊருக்குப் பிந்தியும் வரும். மாட்டு வண்டிக் காலத்தில் ஊருக்கொரு நேரம் இருந்ததால் இடைஞ்சல் இல்லை. ரயில் வந்த பின்னரே எல்லா ஊர்களுக்கும் பொதுவான நேரம் அவசியமாயிற்று. அப்பொழுது இந்திய ரயில்வேக்களுக்கு உதவியது சென்னை நேரம். அதைக் கணித்தளித்தது, 1792-இல் நுங்கம்பாக்கத்தில் கட்டப்பெற்ற வானாராய்ச்சி நிலையமாகும். தமிழிலும் எழுத்துப் பொறித்த அதன் கருங்கல் தூண் இன்றும் அங்கே நிற்கிறது.

1884-இல் வாஷிங்டனில் 25 தேசங்களின் பிரதிநிதிகள் கூடினர். இங்கிலாந்திலுள்ள கிரீனிச் வழியே செல்லும் தீர்க்கரேகையே உலகுக்குச் சூனிய ரேகையென 22 தேசங்கள் வாக்களித்தன. சென்னை நேரம் கிரீனிச்சுக்கு 5 மணி 21 நிமிஷம் 14 விநாடி முந்தியது. 1906 ஜனவரி 1 முதல், 82½ பாகைக் கிழக்கு ரேகையின் நேரமாகிய ஐந்தரை மணி முந்திய நேரம், இந்தியாவின் பொது நேரமாயிற்று. எல்லோரும் உடனே இணங்கினரல்லர். கல்கத்தா 1948 வரையிலும், பம்பாய் 1955 வரையிலும் தம் நேரங்களை விடவில்லை.

நமது வட்டாரம் ஏறக்குறைய 80 பாகையில் உள்ளது. இரண்டரைப் பாகை வித்தியாசத்துக்குப் பத்து நிமிஷம். ஆகையால், ஆவணி நடுவில் நமது உச்சிவேளை, பொது நேரப்படி சுமார் 12 மணி 10 நிமிஷத்துக்கே வரும். பெரியவர் கண்டது இதுவே. ஆயினும் பூமியின் பாதை முட்டை வடிவானது, அச்சும் சாய்ந்தது. அதனால் உச்சிவேளை, மாசித் தொடக்கத்தில் 12 மணி 24 நிமிஷம் வரை பிந்தும். ஐப்பசிப் பிற்பகுதியில் 11 மணி 54 நிமிஷத்துக்கே வந்துவிடும். ஆகவே, நிழலைக் கொண்டு கடிகாரம் திருத்துவோர் ஆண்டு முழுதும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

பால் வண்டியும், தொழிற்சாலைப் பேருந்தும், ரயிலும் பொது நேரத்தையே அனுசரிக்கின்றன. பலர் இசைந்து ஏற்ற ஏற்பாடு என்ற வகையில் அதுவும் ஒரு கூட்டுறவே. காரியதரிசிகள் வாரந்தோறும் வானொலி நேரத்தோடோ கைப்பேசியோடோ கடிகாரத்தை ஒப்பிட்டுத் திருத்துவார்களாக.

அன்று மாலையே நிர்வாகக் குழுவினர் கடிகாரத்தைப் பத்து நிமிஷம் முன்னே வைத்தனர். முள்ளைத் திருப்பியவர் அந்தப் பெரியவரே. அம்மாளின் ஒரு வேளைப் பால் மாத்திரம் நஷ்டமாயிற்று.