அளவுகோல் நேராக இருக்கட்டும்

பேத்தமங்களாவில் பாலாற்று நீரைத் தேக்கி நிற்கும் ஏரி, கோலார் தங்கவயலின் தாகம் தீர்த்த ஏரியாகும். அந்நீரைப் பருகி வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் பலர் உழைத்த சுரங்கத்தில், 1965ஆம் ஆண்டில் அரியதோர் அளவீடு நிகழ்ந்தது. ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை வைத்து, காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களின் சுவட்டை அறிஞர் கண்டனர். அத்தனை ஆழம் ஏன்? மேலே விண்கதிர்த் துகள்களின் ஆரவாரத்தில் நியூட்ரினோவின் மெல்லிய குரல் கேளாது. பாறை அந்த ஆரவாரத்தை வடிகட்டிற்று. அளக்கவேண்டியதை மட்டும் அளப்பதே அறிவியல்.

தோழர்களே! கணிப்பொறி முன் அமரும் நாம் இதனைப் பின்பற்றுகிறோமா? வரிசைப்படுத்தும் வழிமுறைகளுள் எது விரைவானது என்று பைதான் மொழியில் சோதிப்பதாகக் கொள்வோம். தாறுமாறான 10,000 எண்களைச் செருகல் முறையில் வரிசைப்படுத்த, ஏறத்தாழ 2.5 கோடி ஒப்பீடுகள் தேவை. நம்பிக்கைக்காகப் பத்து முறை ஓட்டிச் சராசரி எடுக்கிறார் மாணவர் ஒருவர். பிழை எங்கே? முதல் ஓட்டத்திலேயே பட்டியல் வரிசையாகிவிட்டது! எஞ்சிய ஒன்பது முறையும் வரிசையான பட்டியலையே மீண்டும் கொடுத்தார். அவற்றுக்கு 9,999 ஒப்பீடுகளே போதும். ஆகவே சராசரி, உண்மையில் பத்தில் ஒரு பங்காய்ச் சுருங்கிற்று. மிகக் குறைந்த நேரத்தை எடுத்திருந்தால் பொய் இன்னும் பெரிதாகியிருக்கும். பல முறை அளந்ததனால் மட்டும் அளவு உண்மையாகிவிடாது.

பின் எவ்வாறு அளப்பது? ஒவ்வோர் ஓட்டத்துக்கும் மூலப் பட்டியலின் புதுப் படியைக் கொடுங்கள். படியெடுக்கும் நேரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். போட்டியிடும் எல்லா முறைகளுக்கும் அதே எண்களையே தாருங்கள். கடிகாரத்தைத் திருத்தினாலும் பின்னோக்கி ஓடாத 'பெர்ப் கவுண்டர்' கொண்டு நேரம் காணுங்கள். விடை உண்மையிலேயே வரிசையாக உள்ளதா என்று சரிபாருங்கள். தவறாக விரைபவனுக்குப் பரிசு இல்லை.

எண்களின் தன்மையையும் மாற்றிப் பார்க்கவேண்டும். முதல் எண்ணையே நடுவராகக் கொள்ளும் எளிய குயிக்சார்ட், தாறுமாறான பட்டியலில் பறக்கும். வரிசையான பட்டியலிலோ தள்ளாடும். ஒரு லட்சம் எண்களுக்கு அதன் ஒப்பீடுகள் ஏறத்தாழ 500 கோடியாகும்! பைதானுக்காக டிம் பீட்டர்ஸ் 2002இல் அமைத்த டிம்சார்ட்டோ, முன்பே வரிசையாயுள்ள பகுதிகளைக் கண்டு பயன்படுத்திக்கொள்ளும். ஒரே வகைப் பட்டியலைக் கொண்டு தீர்ப்பளிப்பது, ஒருவர் சாட்சியை மட்டும் கேட்டு வழக்கை முடிப்பது போன்றது.

அளவையும் இரட்டிப்பாக்குங்கள். எண்கள் இருமடங்காக, நேரம் நான்கு மடங்கானால் அது வர்க்க வளர்ச்சி. இருமடங்கைச் சற்றே தாண்டினால் மெர்ஜ்சார்ட் போன்ற நல்ல முறை எனலாம். இன்னொன்று: பைதானுக்குள் அமைந்த வரிசைமுறை சி மொழியில் எழுதப்பட்டது. நாம் பைதானில் எழுதியதை அதனோடு மோதவிட்டால், வழிமுறைகளை அன்று, மொழிகளையே ஒப்பிடுகிறோம்.

தங்கவயலின் சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. ஆயினும் அங்கே எடுத்த அளவு இன்றும் நிற்கிறது. இரைச்சலை விலக்கி எடுத்தமையால் நிற்கிறது. நம் ஆய்வேட்டில் எழுதும் ஒவ்வோர் எண்ணும் அவ்வாறு நிற்கவேண்டாமா?