பிறர் பாட்டும் பாடுவோர் பிழைப்பும்

மேல்நாடுகளில் ‘டிரிபியூட்’ கோஷ்டிகள் என்று ஒரு வகையுண்டு. தாமாகப் பாட்டு இயற்றாமல், கீர்த்தி பெற்ற ஒரு கோஷ்டியின் பாட்டுகளையே அதன் தோரணையில் பாடிக் காட்டுவது அவர்கள் தொழில். அமெரிக்காவின் ஸியாட்டில் நகரிலிருந்து 1990-களில் உலகெங்கும் பரவிய முழக்கமான ராக் சங்கீதமும் இன்று சிறு விடுதிகளில் இவ்வாறே பாடப்படுகிறது. பிறர் சரக்கை விற்றுப் பிழைப்பவர்கள் என்று இவர்களை இகழ்வோர் உளர். அவ்விகழ்ச்சி நியாயமன்று. அச்சங்கீதத்திற்குப் புகழ் தேடித் தந்த நிர்வானா கோஷ்டியே, 1988-ல் வெளியிட்ட தன் முதல் இசைத்தட்டில், ஷாக்கிங் ப்ளூ என்னும் ஹாலந்து தேசத்துக் கோஷ்டியின் பாட்டைத்தான் பாடிற்று. பிறர் பாட்டைப் பாடிப் பழகாமல் தம் பாட்டைக் கண்டவர் யார்?

நம் நாட்டில் இக்காரியத்தைச் செய்து வருபவை மெல்லிசைக் கோஷ்டிகளே. அரியலூர் ஜில்லாவில், சிமெண்டு ஆலையின் புழுதி படியும் ரெட்டிபாளையம் போன்ற ஊர்களில், நகரத்துச் சபாக்களை எட்டிப் பார்த்திராத ஜனங்களுக்குத் திருவிழா மேடையே சங்கீத மண்டபம். இளையராஜா தம் தமையனார் பாவலர் வரதராஜனின் கோஷ்டியோடு ஊர் ஊராய்ச் சென்று வளர்ந்தவர், பின்னர் எஸ். பி. பாலசுப்பிரமணியத்தின் மெல்லிசைக் கோஷ்டியில் கிட்டார் வாசித்தவர். அதே இளையராஜாவின் சார்பில், 2017 மார்ச்சில், தம் பாட்டுகளை அனுமதியின்றி மேடையில் பாடலாகாது என்று பாலசுப்பிரமணியத்திற்கே வக்கீல் நோட்டீசு சென்றது. தேசமே இரு கட்சியாயிற்று. பிற்பாடு நண்பர்கள் சமாதானமாயினர். ஆனால் வழக்கின் சாரம் தீர்ந்தபாடில்லை.

இயற்றியவரின் கட்சியை அலட்சியம் செய்வதற்கில்லை. ஒரு தொகையைப் பெற்று உரிமை முழுவதையும் எழுதிக் கொடுத்துவிட்டு, தம் பாட்டு பிறருக்குப் பொருள் குவிப்பதைப் பார்த்திருந்த கவிஞர்களும் இசையமைப்பாளர்களும் பலர். அக்குறையை நீக்கவே 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் 2012-ல் திருத்தப்பட்டது.

ஆயினும் அதே சட்டத்தின் 52-வது பிரிவு ஏழைகளின் மேடையை மறந்துவிடவில்லை. தொழில்முறையல்லாத சங்கத்தார் கட்டணமின்றியோ, மத ஸ்தாபனத்தின் நன்மைக்காகவோ பாடினால் குற்றமில்லை. உண்மையான மதச் சடங்கின்போது பாடுவதும் குற்றமன்று; விவாக ஊர்வலமும் விவாகத்தைச் சார்ந்த கொண்டாட்டங்களும் அதில் அடங்கும். விவாகங்களுக்குக் கட்டணம் கேட்பது சட்டவிரோதம் என்று 2023-ல் மத்திய சர்க்காரே அறிவிக்க நேர்ந்தது. ஆனால், கூலி பெறும் கோஷ்டி திருவிழா இரவில் நடத்தும் இலவசக் கச்சேரி, சடங்கின் பகுதியா அன்றா? இது வாதத்திற்கு இடமானது. இந்தச் சந்தேகமே ஆபத்து. நோட்டீசுக்கு அஞ்சி விழாக் கமிட்டியார் கச்சேரியைக் கைவிட்டால், நஷ்டப்படுவது பெரிய கம்பெனிகளல்ல. ஓர் இரவுக் கூலியை நம்பி வேனில் ஊர் ஊராய்ச் செல்லும் தபலாக்காரரும் பாடகியுமே.

ஆகவே நாம் கோருவது இரண்டு. டிக்கெட் விற்று லாபம் தேடும் கச்சேரிகள், நகரத்து ராக் விடுதியாயினும் சரி, வெளிநாட்டுப் பிரயாணமாயினும் சரி, இயற்றியவருக்குரிய பங்கைத் தயங்காமல் செலுத்த வேண்டும். கட்டணமில்லாத கிராமத் திருவிழா மேடைக்கு, பாடுவோர் கூலி பெறினும், விலக்கு உண்டென்று பார்லிமெண்டு ஐயத்திற்கு இடமின்றிச் சட்டத்தில் எழுத வேண்டும்.

பாடுவோருக்கும் ஒரு கடமையுண்டு. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னர் அதை எழுதியவர் பெயரையும் இசையமைத்தவர் பெயரையும் சபையறியச் சொல்லட்டும். இதற்குச் செலவு ஒரு காசுமில்லை. நடிகர் பெயரை மட்டும் சொல்லிப் பாட்டைத் தொடங்கும் வழக்கம் இனியாவது ஒழியட்டும்.