நோயும் நாஞ்சிலும் – 11: மூணு கிளாஸ் வெள்ளம்

“கரண்டு வச்சா சுடுமா?”

கதிர்வீச்சு என்று டாக்டர் சொன்னதும் நம்ம ஊர் ஆட்கள் முதலில் கேட்பது இதைத்தான். அடுத்தது, “முடி கொட்டுமா?” அதற்கும் அடுத்தது, “பேரப்பிள்ளையத் தூக்கலாமா?” பிராஸ்டேட்டுக்கு வெளியிலிருந்து பாய்ச்சும் கதிர் என்றால் மூன்றுக்கும் பதில் லேசு. சுடாது. தலைமுடி அப்படியே இருக்கும். பிள்ளையைத் தாராளமாகத் தூக்கலாம். மெஷின் நின்றதும் கதிரும் நின்றுவிடும், உடம்பில் மிச்சம் எதுவும் தங்காது.

சொல்லப்போனால் கதிருக்குப் பயப்பட நமக்குத் தனிக் காரணம் கிடையாது. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் இருக்கிறது, அதற்குள் தோரியம். 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்தார். நம் கயிற்றில் ஒட்டிக்கொண்டு கப்பலேறிப் போன மணல்தான் அவரை இங்கே இழுத்து வந்தது என்பார்கள். இதே மாதிரி மணல் உள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் ஆயிரக்கணக்கானவர்களைப் பல வருஷம் பின்தொடர்ந்து பார்த்தார்கள். இயற்கைக் கதிரால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்று 2009-ல் எழுதினார்கள். மணலின் கதிரும் மெஷின் கதிரும் ஒரே அளவு என்று இதற்கு அர்த்தமில்லை. மணலில் வருஷத்துக்கு மில்லிகிரே கணக்கு. மெஷினில் நாலு வாரத்தில் 60 கிரே, அதுவும் ஒரு சின்னச் சுரப்பியைக் குறிவைத்து.

ஆக, பயம் எல்லாம் கதிர்மேல். படுத்துவதோ வேறு சங்கதி. அதை முன்கூட்டி யாரும் உட்காரவைத்துச் சொல்வதில்லை.

என் மாமாவுக்குப் பிராஸ்டேட் புற்று எழுபதைத் தாண்டிய பிறகு வந்தது. பறக்கையில் வயலும் தோப்புமாக இருந்தவர். சிகிச்சை திருவனந்தபுரத்தில், எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே வேண்டாம். நெய்யூரில் புற்றுநோய் மையம் இருந்தாலும், 1981-ல் ஆர்.சி.சி. என்ற வட்டாரப் புற்றுநோய் மையம் வந்ததிலிருந்து நம் பக்கத்து ஆட்களுக்குப் புற்று என்றால் திருவனந்தபுரம் வண்டி என்று ஆகிப்போனது.

மாமாவுக்குக் கொடுத்த சீட்டில் ஒரே ஒரு வரி: மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும், மலக்குடல் காலியாக இருக்க வேண்டும். ஏன் என்று இல்லை. காரணம் சுலபமானது. பை நிறைந்தால் சிறுகுடல் மேலே தள்ளிப் போகும், பையின் பெரும்பகுதியும் கதிரின் பாதையிலிருந்து விலகும். பிராஸ்டேட்டுக்கு நேர் பின்னால் மலக்குடல். அதில் மலமோ வாயுவோ இருந்தால் சுரப்பி இடம் மாறிவிடும், குறி தப்பும். இதைச் சொல்ல இரண்டு நிமிஷம் போதும். சொன்னால் மனுஷன் ஒத்துழைப்பார். சொல்லாவிட்டால் பள்ளிக்கூடத் தண்டனை மாதிரித்தான் இருக்கும்.

காத்திருக்கும் இடத்தில் மாமாவும் மார்த்தாண்டத்துக்காரர் ஒருவரும் பேசிக்கொண்டது இன்னும் காதில் இருக்கிறது.

“மூணு கிளாஸ் வெள்ளம் உள்ள போச்சு. உமக்கு?”

“எனக்கு இது ரெண்டாவது தடவ. வயித்துல கேஸ் இருக்குன்னு மேசையில இருந்து எறக்கி விட்டுட்டான்.”

“ராத்திரி என்ன தின்னீரு?”

“மரச்சீனி.”

“வெளங்கும் வேய்.”

மரச்சீனி, பயறு, சக்கைப்பழம் எல்லாம் அந்த வாரங்களுக்கு ஆகாது. ஏற்கெனவே மூத்திரத்தை அடக்க முடியாமல்தானே டாக்டரிடமே வந்தார்கள். அவர்களைப் போய் அரை மணிக்கூறு, ஒரு மணிக்கூறு அடக்கு என்றால்? முந்தின ஆளுக்கு மெஷின் தாமதமானால் இவர்கள் பாடு திண்டாட்டம். ஒரு நாள் மாமா வேட்டியிலேயே போய்விட்டார். மெஷினில் அவருக்கு ஒரு குறையும் இல்லை: அடிவயிற்றிலும் இடுப்பிலும் மைப்புள்ளி, உடம்பைச் சுற்றிவரும் இரும்புக் கை, ஆளெல்லாம் வெளியே போனபின் ஒரு ரீங்காரம், சில நிமிஷத்தில் எழுந்து போகலாம். வேட்டி நனைந்ததைத்தான் கடைசிவரை மறக்கவில்லை.

முன்பெல்லாம் இந்தச் சிகிச்சை ஏழெட்டு வாரம். 3,216 பேரை வைத்து பிரிட்டனில் நடந்த ஆய்வு 2016-ல் வெளிவந்தது: 37 தடவையாக 74 கிரே கொடுப்பதற்கு, 20 தடவையாக 60 கிரே கொடுப்பது குறைந்ததில்லை. டாக்டருக்கு அது டோஸ் கணக்கு. பறக்கையிலிருந்து போய்வருகிறவருக்கு அது வண்டிக் கணக்கு. தகுந்த சிலருக்கு ஐந்தே தடவையில் முடிப்பதும் இப்போது வந்துவிட்டது. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பர் டிக்கெட் முழுச் சலுகை. சான்றிதழ் கேட்டு வாங்க வேண்டும். மாமா ரயிலைப் பிடித்துக்கொண்டது சலுகைக்காக இல்லை, அதில் கக்கூஸ் இருக்கிறது என்பதற்காக. மூன்றாவது வாரத்திலிருந்து எரிச்சல், ராத்திரி ஆறேழு தடவை எழும்புதல், வயிற்றோட்டம், ஓய்ந்துபோன உடம்பு. முடிந்து சில வாரத்தில் பெரும்பாலும் அடங்கும்.

அடங்காதது ஒன்று பின்னால் வரலாம். மாதங்களோ வருஷமோ கழித்து மலத்தில் ரத்தம். மூலம் என்று நினைத்துக்கொண்டு போர்டு மாட்டியிருக்கும் மூல வைத்தியரிடம் போய்விடுகிறார்கள். தயவுசெய்து போகாதீர்கள். எந்த டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தாலும், அந்த இடத்தில் கதிர் வாங்கியிருக்கிறேன் என்று முதலில் சொல்லிவிட வேண்டும். அங்கே சதை கிள்ளி எடுத்தால் புண் ஆறாமல் போக வாய்ப்புண்டு.

இதையெல்லாம் வெளியே யாரும் பேசுவதில்லை. நெய்யூரில் இருந்த ஆர் என்ற டாக்டர் 1933-ல் ‘லான்செட்’ இதழில் எழுதியது திருவிதாங்கூரில் வெற்றிலை போடுகிறவர்களின் வாய்ப்புற்று பற்றி. கன்னத்தில் வரும் நோய், ஊரே பார்க்கும். இது வேட்டிக்குள் இருக்கிற நோய். வீட்டுக்கு வந்தவர்களிடம் மாமா சொன்னது “மூத்திரக் கோளாறு” என்பதோடு சரி. 2001-ல் 83 வயது மண்டேலாவுக்கு இதே நோய், ஏழு வாரக் கதிர்வீச்சு, உலகத்துக்கே அறிவித்தார்கள். 95 வயதுவரை இருந்தார்.

கதிரோடு கொடுக்கும் ஹார்மோன் ஊசியைப் பற்றி இன்னும் மௌனம். ஆண் ஹார்மோனை அடக்கும் மருந்து அது. சிலருக்கு ஆறு மாதம், நோய் முற்றியவர்களுக்கு இரண்டு மூன்று வருஷம். ஆசை வற்றிவிடும், மார்பு வீங்கலாம், குப்பென்று உடம்பு காந்தி வேர்த்துக் கொட்டும். டாக்டரிடம் கேட்க மாமாவுக்கு நாக்கு எழவில்லை. ஃபேனுக்கடியில் சட்டையைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து அத்தைதான் கண்டுபிடித்தாள்.

“எனக்கு நின்னுபோன சமயத்துல இப்பிடித்தான் காந்திச்சு. நான் ஆருட்ட சொன்னேன்?”

மாமா பதில் பேசவில்லை. அன்றைக்கு ராத்திரி அத்தை மோர் மட்டும் கொண்டுவந்து வைத்தாள்.

எல்லாருக்கும் உடனே கதிரோ கத்தியோ வேண்டும் என்பதுமில்லை. சுரப்பிக்குள்ளேயே நிற்கும் நோயுள்ள 1,643 பேரை பிரிட்டனில் பதினைந்து வருஷம் பார்த்தார்கள்: அறுவை, கதிர்வீச்சு, சும்மா கண்காணிப்பு என்று மூன்று கூட்டம். எந்தக் கூட்டத்திலும் இந்த நோயால் இறந்தவர் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான். 2023-ல் வந்த இந்த முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, “எனக்கு அவசரமா டாக்டர்?” என்று கேட்கலாம். முற்றிய நோய்க்கு இந்தக் கணக்குப் பொருந்தாது.

இப்போது மாமாவின் சண்டை, நோய் திரும்புகிறதா என்று பார்க்கும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை எண்ணோடு. சுசீந்திரத்து நண்பர் ஒருவர் சுரப்பியை அறுத்தே எடுத்துவிட்டவர். அவருடைய ரிப்போர்ட்டில் கிட்டத்தட்ட பூஜ்யம், மாமாவுக்கு 0.8. டீக்கடையில் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முகம் வாடி வந்தார். அறுத்து எடுத்தவருக்குச் சுரப்பியே இல்லை, அதனால் பூஜ்யம். கதிர் வாங்கியவருக்குச் சுரப்பி உள்ளேயே இருக்கிறது. எண் பைய இறங்கும், ஒன்றரை வருஷத்துக்கு மேலும் ஆகலாம், நடுவில் ஒரு துள்ளு துள்ளிவிட்டும் இறங்கும். இறங்கிய கடைசி அளவிலிருந்து 2 கூடினால்தான் டாக்டர்கள் நோய் திரும்பியதாகக் கணக்கில் எடுப்பார்கள். எழுதிக் கொடுத்தேன். மறுநாள் அதை எடுத்துக்கொண்டு நேராக டீக்கடைக்குத்தான் போனார்.

(அடுத்த வாரம்: காப்பீட்டு அட்டையும் எல்லை தாண்டும் நோயாளியும்)