கல்லீரலில் கட்டி என்றாலே புற்றுநோயா?

பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகக் காரைக்காலில் என் அத்தைக்கு அல்ட்ராசவுண்ட் எடுத்தார்கள். கல் இல்லை. ஆனால், கல்லீரலில் 3 சென்டிமீட்டர் அளவில் ஒரு கட்டி இருப்பதாகவும், புற்றுநோயாக இருக்கக்கூடும் என்றும் அறிக்கை சொன்னது. அன்று மாலையே வீட்டில் நிலத்தை அடமானம் வைக்கும் பேச்சு தொடங்கிவிட்டது.

பத்து நாள் கழித்து எடுத்த மூன்று கட்ட சி.டி. ஸ்கேனில்தான் அது ‘ஹெமாஞ்சியோமா’ என்று தெரியவந்தது. ரத்த நுண்குழாய்கள் பஞ்சுபோலப் பின்னிக்கொண்ட கட்டி இது. கல்லீரலில் தோன்றும் தீங்கற்ற கட்டிகளில் இதுவே மிகுதி. பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. புற்றுநோயாக மாறுவதில்லை. பெரும்பாலோருக்குச் சிகிச்சையே தேவையில்லை.

இந்த ஸ்கேனில், நரம்பு வழியே சாய மருந்தைச் செலுத்திவிட்டு, வெவ்வேறு தருணங்களில் படம் எடுக்கிறார்கள். ஹெமாஞ்சியோமாவில் சாயம் முதலில் ஓரங்களில் திட்டுத்திட்டாகத் தேங்கி, பிறகு மெல்ல மெல்ல உள்ளே பரவும். கல்லீரல் புற்றுநோயோ பெரும்பாலும் சட்டென ஒளிர்ந்து, விரைவிலேயே மங்கிவிடும். சாதாரண அல்ட்ராசவுண்டில் இந்தக் கால வேறுபாடு தெரியாது. ‘ஊசியால் சதை எடுத்துப் பார்த்துவிடலாமே’ என்று உறவினர் ஒருவர் அவசரப்பட்டார். ரத்தம் நிறைந்த கட்டியில் ஊசி செலுத்தினால் ரத்தக்கசிவு ஏற்படக்கூடும். படமே தெளிவாகக் காட்டும்போது அந்த அபாயம் எதற்கு?

எங்கள் ஊரில் அமீபா சீழ்க்கட்டியையும் மறக்கக் கூடாது. அசுத்த நீர் வழியாகக் குடலுக்குள் நுழையும் அமீபா, ரத்தத்தோடு கல்லீரலை அடைந்து திசுவை அழிக்கிறது. குடிப்பழக்கமுள்ள ஆண்களையே அதிகம் தாக்குகிறது. 2022 ஜூலையில் காலரா பரவி, காரைக்காலில் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். கிருமிகள் வேறு, இரண்டும் நுழையும் வழி ஒன்றுதான். மது மலிவாகக் கிடைக்கும் ஊர் இது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காய்ச்சலும் வலது விலாவின் கீழ் வலியும் உள்ள ஒருவருக்கு ஸ்கேனில் கட்டி தெரிந்தால், இந்தச் சந்தேகம் முதலில் எழ வேண்டும். மெட்ரோனிடசோல் என்ற விலை குறைந்த மருந்துக்கே இது பெரும்பாலும் கட்டுப்பட்டுவிடும். சிலருக்குச் சீழை வடிக்க நேரிடும்.

அதற்காக எல்லாக் கட்டிகளையும் அலட்சியப்படுத்திவிட முடியாது. ஹெபடைடிஸ் பி தொற்றோ, சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் சுருக்க நோயோ உள்ளவர்களுக்கும், முன்பு வேறு உறுப்பில் புற்றுநோய் வந்தவர்களுக்கும் அதே 3 சென்டிமீட்டர் நிழலின் பொருள் வேறு. அவர்கள் நாள் கடத்தக் கூடாது. ‘ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன்’ ரத்தப் பரிசோதனை இயல்பாக இருப்பதை மட்டும் நம்பி அவர்கள் நிம்மதியடைவதும் தவறு. கல்லீரல் புற்றுநோய் உள்ள பலருக்கு அது உயர்வதே இல்லை.

ஸ்கேன் அறிக்கை எழுதுபவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. ‘புற்றுநோயாக இருக்கலாம்’ என்று எழுதும் இடத்திலேயே, வேறு என்னவாக இருக்கலாம், அடுத்து எந்தப் பரிசோதனை என்பதையும் எழுதுங்கள். அந்தப் பத்து நாளும் அத்தை சரியாகச் சாப்பிடவில்லை.