அந்தியூர் திருவிழா நேரலை... நடுவில் மோடம் மக்கர் பண்ணினால்? சாட்டிலைட் 'ஸ்டெப்னி' ஸ்விட்ச் வேலை செய்வது எப்படி?

ஆடி மாதம் வந்தால் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் திருவிழாவும் குதிரைச் சந்தையும் களைகட்டும். கூட்டம் கூடக் கூட செல்போன் டவர் திணறும். மொபைல் நெட்டை நம்பி நேரலை கொடுக்க முடியாத நேரத்தில் டிவி சேனல்களுக்குக் கைகொடுப்பது, கூரையில் டிஷ் வைத்த டி.எஸ்.என்.ஜி. வேன்தான். அதற்குள் இருக்கும் மோடம் திடீரென நின்றுவிட்டால்?

மோடம் என்ன செய்கிறது?

கேமரா காட்சியை ரேடியோ அலையில் ஏற்றுவதுதான் இதன் வேலை. அந்த அலை டிஷ் வழியாக 35,786 கி.மீ. உயரத்தில் உள்ள செயற்கைக்கோளுக்குப் போய், அங்கிருந்து ஸ்டூடியோவுக்கு இறங்கும். மோடம் போச்சுன்னா, திரையும் போச்சு.

ஸ்டெப்னி எப்படி மாறுகிறது?

காரில் ஸ்டெப்னி டயர் மாதிரி, இன்னொரு மோடம் தயாராக இருக்கும். பவர் ஆன்தான், ஆனால் ஒலிபரப்பு மட்டும் மியூட். ஏன்? இரண்டும் ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் அனுப்பினால், இரண்டுமே குழம்பிவிடும்.

நடுவில் உள்ள ஸ்விட்ச், முதல் மோடத்தின் அலாரத்தைக் கவனித்துக்கொண்டே இருக்கும். கோளாறு என்றால் முதலில் அதை மியூட் செய்யும், பிறகு லைனை அடுத்த மோடத்துக்கு மாற்றும். ஸ்டூடியோ ரிசீவர் மறுபடி சிக்னலைப் பிடிக்கச் சில நொடிகள் ஆகலாம்.

அமைக்கும்போது கவனிக்க வேண்டியவை

* இரண்டு மோடத்திலும் அலைவரிசை, வேகம், பவர் அளவு எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் மாற்றினால் மற்றதிலும் மாற்ற வேண்டும்.
* டேட்டா கேபிள், டிஷ் பக்கக் கேபிள் இரண்டுமே ஸ்விட்ச் வழியாகப் போக வேண்டும்.
* இரண்டுக்கும் தனித்தனி மின் இணைப்பு. ஒரே பிளக் போர்டில் செருகினால், அது போகும்போது இரண்டும் சேர்ந்தே போகும்.
* நொடி நேரத் தடங்கலுக்கெல்லாம் மாறாதபடி சிறிய தாமதம் வைக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டுக்கும் நடுவே ஊஞ்சல் ஆடும்.
* மழையில் சிக்னல் குறைந்தால் மோடத்தை மாற்றிப் பயனில்லை. மாற்று மோடத்துக்கும் அதே மழைதான்!

செயற்கைக்கோளே பழுதானால்?

அப்போது இந்த ஸ்விட்ச் உதவாது. 2010 ஜூலையில் இன்சாட்-4பி செயற்கைக்கோளில் மின்சப்ளை கோளாறு ஏற்பட்டு, 24 டிரான்ஸ்பாண்டர்களில் பாதி நிறுத்தப்பட்டன. அதை நம்பியிருந்த சன் டைரக்ட், மீசாட்-3 செயற்கைக்கோளுக்கு மாற வேண்டியதாயிற்று. வீட்டு மாடிகளில் இருந்த டிஷ்களையும் திருப்பி வைக்க வேண்டி வந்தது.

இன்னொரு பாடம் ஐரோப்பாவில். 2022 பிப்ரவரி 24-ல், உக்ரைன் போர் தொடங்கிய அன்று, கே.ஏ.-சாட் நெட்வொர்க்கில் நடந்த சைபர் தாக்குதலில் பல்லாயிரம் மோடம்கள் முடங்கின. நம்ம பல்லடம், உடுமலை பக்கம் சுற்றுவது போன்ற காற்றாலைகள் ஜெர்மனியில் சுமார் 5,800, தொலைவிலிருந்து கண்காணிக்கும் வசதியை இழந்தன. ஒரே நெட்வொர்க்கில் ஒரே ரக மோடம் இரண்டு இருந்தால், இப்படியான தாக்குதலில் இரண்டும் சேர்ந்தே விழும். அதனால்தான் முக்கியமான இடங்களில் ஃபைபர், மொபைல் நெட் என வேறொரு வழியையும் கையில் வைத்திருக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று

டிவி வேன் மட்டுமல்ல. மலைக் கிராமத்து வங்கிக் கிளை, ஏ.டி.எம். என சாட்டிலைட் இணைப்பை நம்பும் எந்த இடத்துக்கும் இது பொருந்தும். ஸ்பேர் வாங்கி வைத்தால் மட்டும் போதாது. ஓடும் மோடத்தின் மின் இணைப்பைப் பிடுங்கிப் பார்த்து, மற்றது தானாக எடுக்கிறதா என்று அவ்வப்போது சோதிக்க வேண்டும். காற்று இல்லாத ஸ்டெப்னி, பஞ்சர் ஆன அன்றைக்குத்தானே தெரியும்?