வணிகமும் மறைமொழியும்

நம் ஊர் மாட்டுச் சந்தையில் தரகர்கள் விலை பேசும் முறையை நண்பர்கள் பலர் கண்டிருக்கக் கூடும். கைகளைத் துண்டால் மூடிக்கொண்டு, விரல்களைத் தொட்டே விலையை முடித்துவிடுவர். சுற்றி நிற்போர் நூறு பேர். செய்தியை அறிந்தோர் இருவரே! வணிகத்திற்கு மறைவு வேண்டும் என்பது பழைய உண்மை. ஆனால், சென்னையிலிருந்து கொல்கத்தாவுக்குச் செல்லும் கைப்பேசிச் செய்திக்குத் துண்டு போர்த்துவது எவ்வாறு?

செய்தியைப் பூட்டி அனுப்பலாம். ஆயின், திறவுகோலை எவ்வழியே அனுப்புவது? இவ்வினாவுக்கு 1976-இல் டிஃபி, ஹெல்மன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் விடை வெளியிட்டனர். சிறிய எண்களைக் கொண்டு அதனைப் பார்ப்போம்.

5, 23 ஆகியவை எல்லோரும் அறிந்த எண்கள். விற்பவர் 3 என்ற எண்ணை மனத்துள் வைத்துக்கொள்கிறார். வாங்குபவர் 7 என்பதை. விற்பவர் 5-இன் மூன்றாம் அடுக்கை 23-ஆல் வகுத்து, மீதி 10 என்பதை அனுப்புகிறார். வாங்குபவர் 5-இன் ஏழாம் அடுக்கை அவ்வாறே வகுத்து, மீதி 17 என்பதை அனுப்புகிறார். இவற்றை ஊரே கேட்கட்டும்! விற்பவர் தாம் பெற்ற 17-இன் மூன்றாம் அடுக்கை 23-ஆல் வகுத்தால் மீதி 14. வாங்குபவர் தாம் பெற்ற 10-இன் ஏழாம் அடுக்கை வகுத்தாலும் மீதி 14. அனுப்பப்படாத அந்த 14-தான் இருவருக்கும் பொதுவான திறவுகோல். எண்கள் மிகப் பெரியவையாயின், ஒட்டுக் கேட்பவர் மறைந்த எண்ணைக் கண்டறிவது அரிதினும் அரிது.

இக்கருத்தின் வழிவந்த சிக்னல் முறையை, வாட்ஸ்அப் 2016-இல் தன் பயனாளர் அனைவருக்கும் கொண்டுவந்தது. இடையில் நிற்கும் நிறுவனமும் செய்தியைப் படிக்க இயலாது. அதே 2016-இல் அமெரிக்க நீதிமன்ற ஆணை ஒன்றுக்குச் சிக்னல் நிறுவனம் கொடுக்க முடிந்தவை, கணக்குத் தொடங்கிய நாளும் இறுதியாக இணைந்த நாளுமே.

எனினும், பூட்டு காப்பது வழியை மட்டுமே. திறந்து கிடக்கும் கைப்பேசியையும், திரையைப் படம் பிடிக்கும் கையையும் அது தடுக்காது. எதிர்முனையில் இருப்பவர் உண்மையில் அவர்தானா என்பதை, செயலி காட்டும் பாதுகாப்பு எண்ணை இருவரும் நேரில் ஒப்பிட்டே உறுதிசெய்ய வேண்டும்.

மறைவு வேறு, பதிவின்மை வேறு என்பதையும் நாம் மறத்தலாகாது. 2021 டிசம்பரில் ஜே.பி. மார்கன் செக்யூரிட்டீஸ் நிறுவனத்திற்கு அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 12.5 கோடி டாலர் தண்டம் விதித்தது. குற்றம் மறைமொழியில் பேசியதன்று. ஊழியர்கள் சொந்தக் கைப்பேசிகளில் வாட்ஸ்அப் முதலியவற்றின் வழியே பேசிய வணிகச் செய்திகளை, சட்டப்படி பதிந்து காக்கத் தவறியதே குற்றம்.

சிறு வணிகருக்கும் இது பொருந்தும். பேசிய விலை, தானே மறையும் செய்தியாகப் போய்விட்டால், நாளை வழக்கு எழும்போது சான்று ஏது? நாளை அலுவலகங்களில் அமரப்போகும் நண்பர்களே, பிறர் படிக்காதபடி பேசுங்கள். பேசி முடித்ததை நிறுவனத்தின் ஏட்டில் பதிந்து வையுங்கள். இரண்டும் சேர்ந்ததே நாணயமான வணிகம்.